கூலியை நிறுத்துவது: பிள்ளையின் அடம் மறைய ஒரு முழுமையான வழிகாட்டி

"கண்டுக்காம விடுங்க, தானாச் சரியாயிரும்." அடம் பிடிக்கிற பிள்ளை உள்ள வீட்டுக்கு வருகிற ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) எல்லோரும் சொல்லிவிட்டுப் போவது இது. சொன்னதில் பாதி சரிதான். மீதிப் பாதி தெரியாமல் இறங்குகிறவர்கள் மூன்றாம் நாள் சாயங்காலம் மிட்டாயை வாங்கிக் கொடுத்துவிட்டு, "எங்க பையனுக்கு இதெல்லாம் வேலைக்காகாதுங்க" என்று என்னிடம் வந்து நிற்கிறார்கள்.

பல்லடம், சூலூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் மூன்றிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்கிறேன். இந்த முறையின் அடிப்படை சின்னது. இப்படிச் செய்தால் பிடித்தது கிடைக்கிறது என்று பிள்ளை கற்றுக்கொண்டால் அந்தச் செயல் வேர் பிடிக்கும். கிடைப்பது அடியோடு நின்றுபோனால் செயல் தேய்ந்து மறையும். பி.எட். படித்தவர்களுக்கு ஆக்கநிலையிறுத்தல் பாடத்தில் பார்த்த நினைவு இருக்கும். ஆங்கிலத்தில் 'எக்ஸ்டிங்ஷன்' என்பார்கள். அதை 'அணைத்தல்' என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு அப்பத்தா உடனே பேரனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து 'கூலியை நிறுத்துவது' என்றே சொல்கிறேன்.

படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். பிள்ளை அழ அழ ஒன்றும் கொடுக்காமல் நிற்பது எட்டாவது படியில்தான் வருகிறது. அதை முதல் படியாக எடுத்துக்கொண்டு கெட்டுப்போன வீடுகள்தான் அதிகம்.

1. ஒரே ஒரு செயலை எழுதுங்கள்

"ரொம்ப அலும்பு பண்றான்" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கண்ணால் பார்க்கிற மாதிரி எழுத வேண்டும். நான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப் போகிற நாலு வயதுப் பையன் வீட்டில் எழுதியது இது: "பால்வாடி விட்டு வரும்போது பொட்டிக்கடை முன்னால் தரையில் உட்கார்ந்து கத்துகிறான்."

இப்படி எழுதினால்தான் அது இன்று நடந்ததா இல்லையா என்பதில் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் சண்டை வராது. ஒரு நேரத்தில் ஒரு செயல் போதும். கடையில் கத்துவது, போன் கேட்டு அழுவது, தம்பியைக் கிள்ளுவது என்று மூன்றையும் சேர்த்துத் தொட்டால் பிள்ளைக்கு முன்னால் பெரியவர்கள் ஓய்ந்துவிடுவார்கள்.

2. கூலி என்ன என்று கண்டுபிடியுங்கள்

வேலையின் பாதி இதுதான். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதற்குப் பின்னால் யார் என்ன செய்தார்கள்.

மூன்றாவது கட்டத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். "ஒண்ணுமே குடுக்கலைங்க" என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், அழுகை தொடங்கியதும் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வருவார், இடுப்பில் தூக்கிக்கொள்வார், "ஏன் கண்ணு, என்ன சாமி" என்று பத்துத் தடவை கேட்பார். பொருள் கொடுக்கவில்லைதான். ஆனால் நாள் முழுக்கக் கிடைக்காத அம்மா அந்த நிமிஷத்தில் முழுசாகக் கிடைத்துவிட்டார். நோட்டில் அதையும் எழுத வேண்டும். திட்டினால் திட்டியதையும் எழுத வேண்டும், ஏனென்றால் யாரும் திரும்பிப் பார்க்காத வீட்டில் திட்டும் ஒரு கூலிதான்.

கூலி பெரும்பாலும் நாலு வகைக்குள் அடங்கும். பொருள் கிடைப்பது. ஆள் கவனிப்பது. பிடிக்காத வேலையிலிருந்து தப்பிப்பது. நாலாவது, வெளியாள் யாரும் கொடுக்காமல் உடம்புக்குத் தானாகவே கிடைக்கும் சுகம், விரல் சப்புவது மாதிரி. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற செயல் ஒரு பிள்ளைக்கு ஒன்றுக்காகவும் இன்னொரு பிள்ளைக்கு வேறொன்றுக்காகவும் நடக்கும். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்துக் காட்டிய ப்ரையன் ஐவாட்டா குழுவினரின் ஆய்வு 1982-ல் வந்தது. செயலைப் பார்த்து மருந்து சொல்லாதே, கூலியைப் பார்த்துச் சொல் என்பது அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரு பிள்ளையைக் கெடுத்தேன். எழுத உட்கார வைத்தால் பென்சிலை வீசுகிற பொண்ணு. நோட்டெல்லாம் போடாமல், "வீசினா ஒண்ணும் பேசாம எழுந்து போயிருங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால், பள்ளிக்கூடப் பையைத் திறக்கும்போதே பென்சில் பறக்கிறது. அவளுக்கு வேண்டியதே அம்மா எழுந்து போவதுதான். போனால் எழுத்து வேலை முடிந்தது. நான் கூலியை நிறுத்தவில்லை, சீக்கிரம் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.

அங்கே நிறுத்த வேண்டியது தப்பிப்பை. பென்சில் விழுந்தால் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும், உட்கார்ந்திருக்க வேண்டும், எழுத்து வேலை பென்சில் வீசியதால் முடியக் கூடாது. கூடவே வேலையைக் குறைத்தோம். ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது இரண்டு வரி ஆனது. "போதும்மா" என்று வாயால் சொன்னால் கொஞ்ச நேரம் விட்டோம்.

எந்தக் கூலியோ அதை மட்டும் நிறுத்தினால் போதும் என்பதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. பிள்ளை மிட்டாய்க்காகத்தான் அழுகிறது என்றால் நீங்கள் கல் மாதிரி நிற்க வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொள்ளலாம், பக்கத்தில் குந்தலாம். மிட்டாய் மட்டும் வராது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் தெரிந்ததும் பாதி அம்மாக்களுக்கு முகம் தெளிந்துவிடும்.

3. இந்த முறையைத் தொடக் கூடாத இடங்கள்

தலையை முட்டிக்கொள்வது, கடிப்பது, ரோட்டுக்கு ஓடுவது. இவற்றில் தனியாக இறங்காதீர்கள். கூலி நின்றதும் செயல் குறைவதற்கு முன்னால் ஒரு முறை ஏறலாம். கத்தல் ஏறினால் காது வலிக்கும்; லாரி போகிற ரோட்டில் ஓட்டம் ஏறினால் ஆள் போய்விடும். பழகிய நிபுணர் கூட இருக்க வேண்டும்.

சில மாதக் கைக்குழந்தையின் அழுகை அடம் அல்ல, அதற்குப் பசிக்கிறது அல்லது வலிக்கிறது. பெரிய பிள்ளைக்கும் காய்ச்சல், பல்வலி, காதுவலி, தூக்கமின்மை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பயத்தால் அழுகிற பிள்ளைக்கு வழி வேறு, அது 12-ல் இருக்கிறது.

விரல் சப்புவது மாதிரியானவற்றுக்கும் இது ஆகாது. அந்தக் கூலி உங்கள் கையில் இல்லை, நிறுத்த முடியாது. வகுப்பில் ஒரு பையன் சேட்டை செய்ய மற்ற முப்பது பேர் சிரிக்கிறார்கள் என்றாலும் அதே கதைதான். டீச்சர் மட்டும் கண்டுகொள்ளாமல் இருந்து பயனில்லை.

4. ஐந்து நாள் சும்மா எண்ணுங்கள்

எதையும் மாற்றாமல், வழக்கம்போல விட்டு, எத்தனை தடவை, எத்தனை நிமிஷம் என்று மட்டும் குறியுங்கள். அந்தப் பையன் வீட்டில் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்கள். திங்கள் 6 நிமிஷம். செவ்வாய் 4. புதன் மழை, பையனை அப்பாரு (தாத்தா) வண்டியில் கூட்டி வந்தார், இல்லை. வியாழன் 7. வெள்ளி 5.

இந்த ஐந்து நாளைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் நிறைய. "அதான் தினமும் பாக்கறமே" என்பார்கள். ஆனால் முறையைத் தொடங்கிய இரண்டாம் நாள், உலகமே பார்க்கக் கத்துகிற மாதிரி இருக்கும். கையில் எண் இல்லாவிட்டால், "முந்தி இப்படி இல்லையே, இதனாலதான் கெட்டுப் போச்சு" என்று விட்டுவிடத் தோன்றும். எண் இருந்தால் எங்கே ஏறியது, எங்கிருந்து இறங்குகிறது என்று தெரியும்.

5. வீட்டில் எல்லோரையும் ஒரே சொல்லுக்குக் கொண்டு வாருங்கள்

எங்கள் ஊர்த் தறிக்குடோனுக்கு ஒரு நாய் வரும். நாலு மணிக்கு டீ வந்ததும் வாசலில் வந்து உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்க்கும். நாய் தறிக்குள் புகுந்துவிடுகிறது என்று ஓனர் ஒரு நாள், யாரும் இனி வர்க்கி போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பதினோரு பேர் நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை, மனசு கேட்காமல், ஒரு துண்டு போடுவார். நாய் வருவது நிற்கவே இல்லை. முன்னால் டீ முடிந்ததும் போகிற நாய், இப்போது ஷிப்டு முடியும் வரை உட்கார்ந்திருந்தது.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். வாரா வாரம் சனிக்கிழமை கூலி வாங்குகிறவருக்கு ஒரு சனிக்கிழமை பணம் வராவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும், அடுத்த வாரம் வேறு கம்பெனி பார்ப்பார். எப்போது வரும் என்றே தெரியாமல், வந்தால் வரும் என்கிற இடத்தில் வேலை செய்கிறவர் நின்றுபோனது தெரியாமலே மாசக் கணக்கில் காத்திருப்பார். 1939-ல் லாயிட் ஹம்ஃப்ரீஸ் கண்ணிமை அனிச்சையை வைத்துச் சோதித்ததும் இதைத்தான் காட்டியது. ஒரு அடையாளம் காட்டியதும் கண்ணில் காற்று ஒவ்வொரு முறையும் ஊதப்பட்டவர்களுக்கு, காற்று நின்ற பிறகு, அந்த அடையாளத்துக்குப் பழகிய இமைப்பு சீக்கிரம் மறைந்தது. பாதி முறை மட்டும் ஊதப்பட்டவர்களுக்கு மறைய அதிக நேரமானது.

ஆகவே தினமும் மிட்டாய் கொடுக்கிற வீட்டைவிட, "ரொம்ப அழுதா மட்டும் குடுப்போம்" என்கிற வீட்டில்தான் எனக்கு வேலை அதிகம். அங்கே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது நீளமாக அழுவதை.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அப்பாரு, அப்பத்தா, பக்கத்து வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லோரும் வேண்டும். பெரியவர்களிடம் "குடுக்காதீங்க" என்று சொன்னால் நடக்காது. அந்தப் பையனின் அப்பத்தா என்னைக் கேட்டார்:

"ஏனுங்க டீச்சர், என்ற பேரனுக்கு ஒரு முட்டாய் வாங்கிக் குடுக்கறதுக்கு உங்களைக் கேக்கோணுங்களா?"

"கேக்க வேண்டாமுங்க. அழுவறப்ப மட்டும் வேண்டாம். ஊட்டுக்கு வந்து, வாயத் தொறந்து நல்லாக் கேட்டான்னா நீங்களே உங்க கையில குடுங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கி, "அப்ப இதுல வெச்சுக்கறேன்" என்றார். கொடுப்பதை நிறுத்தச் சொல்லாமல், கொடுக்கும் நேரத்தை மாற்றச் சொன்னால் பாட்டிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

கடைக்காரரிடமும் சொல்ல வேண்டும். நல்ல மனுஷர். பையன் உட்கார்ந்ததும் பாட்டில் மூடியைத் திருகிவிடுவார். அந்தச் சத்தம் கேட்டதும் கத்தல் இரண்டு மடங்காகும், ஏனென்றால் மூடி திருகினால் மிட்டாய் வரும் என்று பையனுக்குத் தெரியும். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சத்தம் எழுப்பிப் பழக்கிய நாய்க்கு, சத்தம் கேட்டதுமே எச்சில் ஊறிய அதே கணக்கு.

6. மாற்று வழியை முன்கூட்டியே பழக்குங்கள்

ஒரு கதவை அடைப்பதற்கு முன்னால் இன்னொரு கதவு திறந்திருக்க வேண்டும். பிள்ளைக்கு மிட்டாய் வேண்டும் என்பது தப்பில்லை. கேட்கிற விதம்தான் நமக்குப் பிடிக்கவில்லை. அதனால் அதே கூலி, வேறு செயலுக்கு.

இதைக் கடை வாசலில் பழக்க முடியாது. காலையில், வயிறு நிறைந்திருக்கும்போது, வீட்டில் பழக்குங்கள். எவர்சில்வர் டப்பாவில் பொட்டுக்கடலை போட்டுக் கடை விளையாட்டு விளையாடலாம். "அப்பத்தா, எனக்கு ஒண்ணு குடுங்க" என்று சொன்னதும் கொடுக்க வேண்டும். பேச்சு வராத பிள்ளை கையை நீட்டினால் போதும். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும், உடனே. இங்கே கஞ்சத்தனம் பண்ணினால் பிள்ளை பழைய வழிக்கே போகும், அது இன்னும் வேகமாகப் பலன் தருகிறதே.

இந்தப் படியை விட்டுவிட்டு வெறுமனே நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த நாட்கள் கடினம். லெர்மன் என்கிற ஆய்வாளரும் ஐவாட்டாவும் 1995-ல், கூலியை நிறுத்திப் பார்த்த 113 பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கூலியை நிறுத்தியது மட்டுமே செய்த இடங்களில் 36 சதவீதத்தில் செயல் முதலில் எகிறியது. வேறு வழிகளையும் சேர்த்துச் செய்த இடங்களில் 12 சதவீதத்தில்தான்.

7. நாள் குறியுங்கள்

மாரியம்மன் நோம்பி வாரம் வேண்டாம். வீடு நிறைய ஒறம்பரை இருக்கும்போது வேண்டாம். அப்பா நைட் ஷிப்டில் இருந்து பகலில் தூங்க வேண்டிய வாரமும் வேண்டாம், பிள்ளை கத்தினால் அவர்தான் முதலில் எழுந்து வந்து கொடுப்பார். தொந்தரவு இல்லாத இரண்டு வாரம் பாருங்கள். வீட்டிலேயே மனசு உறுதியான ஆள் யாரோ அவர் முதல் மூன்று நாள் கூடப் போகட்டும். பையன் வீட்டில் அது அம்மா. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மூன்று நாள் சாயங்காலம் பெர்மிஷன் கேட்டு வந்தார்.

8. முதல் நாள்

கடைக்கு நூறு அடி முன்னாலேயே ஒரு தடவை சொல்லுங்கள்: "இன்னிக்குக் கடையில வாங்கறதில்ல கண்ணு. ஊட்டுல அப்பத்தாகிட்டக் கேளு, குடுப்பாங்க." ஒரே தடவை. வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனால் அது பேரம் ஆகிவிடும்.

பிள்ளை உட்காரும். நீங்கள் ரோட்டுப் பக்கம் நின்றுகொள்ளுங்கள், வண்டிக்கும் பிள்ளைக்கும் நடுவில். முகத்தில் கோபமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். விளக்கம் சொல்லாதீர்கள். "பல்லு சொத்தையாயிரும், டாக்டர் ஊசி போடுவாரு" எல்லாம் அந்த நேரத்தில் தேவையில்லை. ஒன்று, அழுகிற பிள்ளைக்குக் காது கேட்காது. இரண்டு, பேச்சு நீள நீள நீங்கள் இறங்கி வருவீர்கள் என்று அதற்குத் தெரியும்.

அடிக்காதீர்கள், மிரட்டாதீர்கள். இது தண்டனை முறை அல்ல. தண்டனையில் நாம் ஒன்றைச் சேர்க்கிறோம் அல்லது பிடுங்குகிறோம். இங்கே, முன்னால் வந்துகொண்டிருந்தது வராது, அவ்வளவே. இரண்டையும் கலந்தால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்றே தெரியாது.

அழுகை நின்றதும் இரண்டு மூச்சு விடுகிற நேரம் பொறுங்கள். அப்புறம் சாதாரணமாக, "வா சாமி, போலாம்." அழுகையை நிறுத்தியதற்குப் பரிசாக அங்கேயே மிட்டாய் வாங்கிக் கொடுப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்கிற தவறு. பிள்ளை கணக்கில் அது தனியாக நிற்காது. அழு, நிறுத்து, வாங்கு என்று மூன்றும் ஒரே வரிசையாகிவிடும், நாளைக்கு வாங்குவதற்காக முதலில் அழும்.

வீட்டுக்கு வந்ததும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பையன் அன்று பத்து நிமிஷம் திண்ணையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு அப்பத்தாவின் சேலையைப் பிடித்து இழுத்து, "ஒண்ணு" என்றான். முழு வாக்கியம் வரவில்லை. பரவாயில்லை, சுருக்குப்பை திறந்தது.

9. எகிறுகிற நாள்

பால் நோட்டில் முதல் நாள் 9 நிமிஷம். இரண்டாம் நாள் 17. பையன் செருப்பைக் கழற்றி வீசினான், அம்மாவின் சுடிதாரைப் பிடித்துக் கிழிக்கப் பார்த்தான். அதுவரை செய்யாததையெல்லாம் செய்தான்.

தோட்டத்தில் மோட்டார் போட்டிருக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்குப் புரியும். பச்சைப் பட்டனை அழுத்தினால் தினமும் ஓடுகிற மோட்டார் ஒரு நாள் ஓடவில்லை. உடனே வீட்டுக்கா போகிறோம்? மறுபடி அழுத்துகிறோம், பலமாக அழுத்துகிறோம், அழுத்திப் பிடிக்கிறோம், ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டுகிறோம். அப்புறம்தான் விடுகிறோம். தட்டினதும் ஓடிவிட்டால் நாளையிலிருந்து தட்டுவதுதான் முதல் வேலை. இரண்டாம் நாள் 17 நிமிஷத்தில் மிட்டாய் கொடுத்திருந்தால் பையனும் நேராகச் செருப்பு வீசுவதிலிருந்துதான் தொடங்கியிருப்பான்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படி எகிறுவதில்லை. ஆனால் எகிறினால் என்ன செய்வது என்று முன்னாலேயே முடிவு செய்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது. தாங்க முடியவில்லை என்றால் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். அது தோல்வி அல்ல. கூலி வரவில்லை, அது போதும்.

பிள்ளையைவிட ஊர்தான் பெரிய தொந்தரவு. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், "பச்சப் புள்ளைய இப்படி அழுவ உடறாங்களே" என்பார்கள். ஒருவர் சொந்தக் காசில் வாங்கியே கொடுத்துவிடுவார். ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: "ஒண்ணுமில்லீங்க, பழக்கிட்டு இருக்கறோம்." சிரித்துக்கொண்டே சொன்னால் பெரும்பாலும் விலகிவிடுவார்கள்.

10. போனது ஒரு நாள் திரும்பி வரும்

ஆறாம் நாள் பையன் கடையைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான். ஏழும் எட்டும் அப்படியே. சனி, ஞாயிறு பால்வாடி இல்லை. திங்கட்கிழமை மறுபடி தரையில். அம்மா எனக்குப் போன் போட்டு, "எல்லாம் வீணாப் போச்சுங்க டீச்சர்" என்றார்.

வீணாகவில்லை. இடைவெளி விட்டதும் மறைந்த செயல் தானாக ஒரு முறை தலைகாட்டும். பாவ்லோவ் தன் நாய்களிடமே இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். வழக்கமாக முதல் தடவையைவிடச் சிறிதாக வரும், சீக்கிரம் போகும். பையனுக்கு அன்று 3 நிமிஷம். அந்த 3 நிமிஷத்தில் கொடுத்தால் மட்டும்தான் வீண்.

அப்படிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சி. டி. வில்லியம்ஸ் 1959-ல் எழுதிய இரண்டு பக்கத்துக்குள் அடங்குகிற ஒரு பதிவு இருக்கிறது. 21 மாதக் குழந்தை, படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தால் கத்தும், தூங்கும் வரை யாராவது கூட இருக்க வேண்டும். உள்ளே போவதை நிறுத்தினார்கள். முதல் தடவை 45 நிமிஷம் அழுதது. பத்தாவது தடவைக்குள் முனகல்கூட இல்லை. ஒரு வாரம் கழித்துக் குழந்தை மறுபடி அழ, அன்று படுக்க வைத்த அத்தை உள்ளே போய்த் தூங்கும் வரை உட்கார்ந்துவிட்டார். அத்தையோ சித்தியோ, ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல். அழுகை பழையபடி ஆனது, மறுபடி முதலிலிருந்து நிறுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் முறை மறைந்த பிறகு இரண்டு வருஷத்துக்குத் திரும்பவில்லை.

11. இடம் மாறினால் மறுபடி தொடங்குங்கள்

கூலியை நிறுத்தினால் பழைய பாடம் அழிந்துவிடுவதில்லை. அதற்கு மேலே, 'இங்கே இப்போது கிடைக்காது' என்று ஒரு புதுப் பாடம் எழுதப்படுகிறது. அந்தப் புதுப் பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். பௌட்டனும் போல்ஸும் 1979-ல் எலிகளிடம் பார்த்தார்கள்: ஒரு பெட்டியில் கற்ற பயத்தை வேறு பெட்டியில் வைத்து மறையச் செய்தார்கள், பழைய பெட்டியில் விட்டதும் பயம் திரும்பிவிட்டது.

அதனால் ஊர்க் கடையில் அடங்கிய பிள்ளை கோபிச்செட்டிபாளையத்தில் அம்மாயி (அம்மாவின் அம்மா) ஊர்க் கடையில் உருண்டால் அதிசயப்படாதீர்கள். வாரச் சந்தை, பஸ் ஸ்டாண்ட், ஜவுளிக்கடை என்று ஒவ்வொரு இடத்திலும், வேறு வேறு ஆட்களோடும் இதைச் செய்ய வேண்டும். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் நாட்கள் குறையும். அம்மாயிக்கு முன்கூட்டியே போன் போட்டு ஐந்தாவது படியைச் சொல்லிவிடுங்கள்.

12. அழுகைக்குக் காரணம் பயம் என்றால்

நாய் துரத்திய பிள்ளை அந்தச் சந்துக்குள் வர மறுத்து அழுகிறது. இதை அடமாக நினைத்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சுற்றுவழியாகவே தினமும் கூட்டிப் போவதும் உதவாது. விலகி ஓடினதும் நெஞ்சுக்குள் வருகிற நிம்மதியே ஓடுவதற்குக் கூலி. எல்லா நாயும் கடித்துவிடாது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே வராமல் பயம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

நடுவழி ஒன்று உண்டு. சாதுவான, கட்டிப்போட்ட நாயைத் தூரத்திலிருந்து பார்த்தபடி, பயம் தணியும் வரை நில்லுங்கள். நாளுக்கு நாள் நாலு அடி கிட்டே போங்கள். மேரி கவர் ஜோன்ஸ் 1924-ல் முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனுக்கு, அவன் பிடித்ததைச் சாப்பிடும் நேரத்தில் கூண்டு முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வைத்தார். பயம் அடங்குவதற்கு முன்னால் கிட்டே கொண்டு போகாமல் இருப்பதுதான் இதில் முக்கியம்.

13. இரண்டு வாரமாகியும் குறையவில்லையா?

பிள்ளையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கூலி எங்கே கசிகிறது என்று தேடுங்கள். முதலில் நோட்டை எடுத்து இரண்டாம் படிக்குப் போங்கள், கூலியைத் தவறாகக் கணித்திருக்கலாம். அடுத்து மாற்று வழிக்கு உண்மையிலேயே பலன் கிடைக்கிறதா என்று பாருங்கள். "ஒண்ணு குடுங்க" என்று பிள்ளை கேட்கிறது, "இரு, வேலையா இருக்கேன்" என்கிறீர்கள் என்றால் தவறு உங்களுடையது. கடைசியாக ஆட்களைப் பாருங்கள்.

அந்தப் பையன் வீட்டில் மூன்றாம் வாரம் நிமிஷம் மறுபடி ஏறத் தொடங்கியது. 3, 5, 8. அம்மா கொடுக்கவில்லை, அப்பத்தா சத்தியம் பண்ணினார், கடைக்காரர் மூடியைத் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் வாசலில் நின்ற அப்பாருவின் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, முன்பக்கப் பையிலிருந்து கடலைமிட்டாய்க் காகிதம் ஏழெட்டை எடுத்தார். பால் ஊற்றப் போகும்போது பையனையும் வண்டியில் வைத்துப் போவார். அதே கடை, அதே உட்காரல், நேரம் மட்டும் காலை ஆறரை.

"சாயங்காலம் குடுக்கக் கூடாதுன்னுதானுங்க டீச்சர் சொன்னீங்க?" என்றார் அப்பாரு.

நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். பால் நோட்டில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே காலை, மாலை என்று இரண்டு கட்டம் போட்டோம்.